ஐந்து நிமிட இரண்டாயிரம்

மின்சார அடுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த மனிதரை எல்லோரும் லிட்டர் என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். நாளைக்கு முப்பது அடுப்பு, அடுப்புக்கு ஒரு லிட்டர், வருடத்துக்கு இருநூற்று எண்பது வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், இவர் இதுவரை ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறார். இதில் கால்வாசி உழைப்புக்கூட இல்லாதவர்களுக்கெல்லாம் முச்சந்தியில் சிலை நிற்கிறது.

அவருடைய பணியிடம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஓர் இரும்பு மேசை, மின்சாரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு ஸ்டெபிலைசர், அடிப்பாகம் கண்ணாடிபோல் தட்டையான ஒரு பாத்திரம், நடுவில் ஓட்டை போட்ட மூடி, ஓட்டைக்குள் தெர்மாமீட்டர். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். முப்பது டிகிரித் தண்ணீர் மூன்று நிமிடத்துக்குள் தொண்ணூற்றைந்தைத் தொட்டுவிட்டால் அடுப்பு பாஸ். பெரும்பாலும் இரண்டு நிமிடம் நாற்பது வினாடியிலேயே தொட்டுவிடும். உடனே அணைத்து, ‘2000 வாட்’ என்று அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி, ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போடுவார். மூன்று நிமிடம் இரண்டு வினாடி ஆன அடுப்பை அவர் பாஸ் போட்டதே இல்லை. இரண்டு வினாடிதானே என்று கெஞ்சியவர்களிடம், “இரண்டு வினாடியில என்னவெல்லாம் நடக்கும் தெரியுமா?” என்று கேட்டு அனுப்பிவிடுவார். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை.

ஆக, இருபத்திரண்டு வருடத்தில் எந்த அடுப்பும் அவர் கண்ணெதிரில் மூன்று நிமிடத்துக்கு மேல் எரிந்ததில்லை. நான்காவது நிமிடத்தில் அடுப்பு என்ன செய்யும் என்று அவர் விசாரித்ததும் இல்லை. சம்பளத்துக்கு வெளியே இருக்கும் நிமிடங்களின் சொந்த விஷயத்தில் தலையிடுவது மரியாதையாகாது. வீட்டில் கேஸ் அடுப்பு.

அந்தக் கேஸ் அடுப்பின் முன் பதினோரு வருடம் நின்றவர் அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு அந்த அம்மாள் ஒரு விடுதிச் சமையலறையில் நூற்றைம்பது பேருக்குச் சமைத்தவர். அங்கே அவர் சொன்னதைக் கேட்டு நடக்க ஐந்து பேர் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. படுத்த படுக்கையாக இருந்த மாமனாரைப் பார்த்துக்கொள்வதிலேயே பதினோரு வருடம் போயிற்று. மாமனார் எதையும் கேட்டு நடக்கும் நிலையில் இல்லை, நடக்கும் நிலையிலேயே இல்லை. போன வருடம் அவர் கண்ணை மூடியதும் வீட்டில் திடீரென்று ஏகப்பட்ட நேரம் மிஞ்சியது. நாற்பத்தாறு வயதில் வேலை தேடிக் கிளம்பிய அந்த அம்மாளிடம் ஐந்து இடத்தில் சிரித்த முகத்தோடு இல்லை என்றார்கள். ஆறாவது இடம்தான் தையல் பட்டறை.

நாற்பது பெண்கள் சட்டை தைக்கும் பட்டறை அது. அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட ஆள் வேண்டும். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நிபந்தனைகளைச் சொன்னார். பட்டறை முழுக்கத் துணி என்பதால் கேஸோ நெருப்போ உள்ளே வரக்கூடாது. பின்னறையில் இரண்டு மின்சார அடுப்பு இருக்கிறது, அதில்தான் சமையல். பத்தரை மணிவரை அந்த அறை நிறையத் துணி மூட்டை. துணி வெட்டுகிறவர் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கால் வைக்க முடியும். சாப்பாட்டு மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்கு மறுபடி மெஷின் ஓடும்.

“ஆறு நாள் பாப்பேன். பன்னிரண்டரைக்கு சூடா தட்டுல விழுந்தா வேலை உன்னோடது. கரண்ட் அடுப்புல நாற்பது பேருக்கு ரெண்டு மணி நேரத்துல முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“எங்க வீட்டுக்காரரைக் கேட்டு சொல்றேங்க. அந்த அடுப்புக்கெல்லாம் பாஸ் போடறவரே அவர்தான்.”

முதலாளியம்மா அடுப்பைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தில் லிட்டரின் கையெழுத்து இருந்தது. உலகம் இவ்வளவு சின்னதா என்று இருவரும் மகிழ்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த ஆலோசனை இது.

“ஏங்க, பன்னிரண்டு லிட்டர் தண்ணி கொதிக்க எவ்வளவு நேரமாகும்?”

இருபத்திரண்டு வருடத்தில் வீட்டில் ஒருவர் தன் துறை சார்ந்து கேட்ட முதல் கேள்வி. லிட்டர் சட்டையை மாற்றக்கூட இல்லை. காகிதம் எடுத்தார், கோடு போட்டார், பெருக்கினார்.

“முப்பத்திரண்டு நிமிஷம்.”

“நிச்சயமா?”

“நான் கையெழுத்து போட்ட அடுப்பு.”

“அதில்லங்க. நிச்சயமான்னு கேட்டேன்.”

“நானும் அதத்தானே சொல்றேன்!”

“எனக்கு நெருப்பக் கண்ணால பாக்கணும். பாத்தா தெரியும், எவ்வளவு நேரம் புடிக்கும்னு. இதுல என்னத்தப் பாக்கறது, கண்ணாடி மாதிரி இருக்கு.”

“பாக்கவே வேண்டாம். எழுதியிருக்கறதப் படிச்சா போதும்.”

பிறகு உட்கார்ந்து நிமிடவாரியாக ஒரு கால அட்டவணை எழுதிக் கொடுத்தார். 10.30 தண்ணீர். 11.02 கொதி, அரிசி போடு. 11.30 சோறு இறக்கு, காய் ஏற்று. பக்கத்து அடுப்பில் பருப்பு. 12.10 எல்லாம் தயார். கடைசி வரியில் ‘ஓய்வு: 20 நிமிடம்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டார். மனைவியிடம் அவர் காட்டிய அக்கறைக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் அந்த வரி ஒன்றுதான்.

திங்கட்கிழமை 11.02க்குத் தண்ணீர் கொதிக்கவில்லை. 11.20க்கும் கொதிக்கவில்லை. அடுப்பின் முகத்தில் 2000 என்ற சிவப்பு எண் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தின் அடியிலிருந்து ஒன்றிரண்டு குமிழி, வரலாமா வேண்டாமா என்று யோசித்தபடி மேலே வந்தது. அந்த அம்மாள் அட்டவணையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். மூன்றில் எது பொய் சொல்கிறது என்று புரியவில்லை. பழக்கதோஷத்தில் தண்ணீரையே சந்தேகப்பட்டார். 11.40க்கு ஒருவழியாகக் கொதித்தது. சாப்பாடு தட்டில் விழுந்தபோது மணி ஒன்று ஐந்து.

“சாப்பாட்டக்கா, இன்னிக்கு சாப்பாடா, நாளைக்கு சாப்பாடா?” என்று காலர் தைக்கிற பெண் கேட்டாள்.

“நான் ரெண்டு பட்டன முழுங்கிட்டேன்க்கா. மூணாவதுக்கு உப்பு மட்டும் குடுங்க போதும்,” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

ஆனால் தட்டு காலியானது. இரண்டாம் தடவை கேட்டவர்களும் உண்டு. முதலாளியம்மா முதல் நாளாயிற்றே என்று மணியை இருபது நிமிடம் தள்ளி அடித்தார்.

சாயங்காலம் லிட்டர் செய்தியைக் கேட்டு அமைதியாகத் தலையாட்டினார்.

“பாத்திரம். அடி வளைஞ்சிருக்கும். மூடி போட்டியா?”

“போட்டேன்.”

“ஒழுங்காப் போட்டியா?”

மூடியை ஒழுங்கில்லாமல் போடுவது எப்படி என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. மறுநாள் தட்டை அடியுள்ள புதுப் பாத்திரம், இரண்டு பக்கமும் பிடி வைத்தது, பட்டறைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை சாப்பாடு வந்தது ஒன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது. நாற்பது பேரும் ஐந்து நிமிடத்தில் விழுங்கினார்கள். காலர் தைக்கிறவளுக்கு விக்கல் நிற்கவே இல்லை, மூன்று காலர் கோணலாகப் போனது.

புதன்கிழமை லிட்டர் லீவு போட்டார். அப்பாவின் காரியத்துக்குப் பிறகு அவர் போட்ட முதல் லீவு. தெர்மாமீட்டர், ஸ்டாப் வாட்ச், பிளக்கில் செருகி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்கும் சின்ன மீட்டர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைப் பின்னறையில் ஒரு முக்காலியில் வந்து அமர்ந்தார்.

“என்னக்கா, இன்னிக்கு மீட்டர் போட்டு சமையலா? வெயிட்டிங் சார்ஜ் உண்டா?” என்று யாரோ எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

முதல் நிமிடம் மீட்டர் 1980 காட்டியது. லிட்டர் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். இரண்டு, மூன்று, நான்கு, அப்படியே நின்றது. ஐந்தாவது நிமிடம் முடிந்ததும் அடுப்புக்குள் விசிறி வேகமெடுக்கிற சத்தம். மீட்டர் 1400க்கு இறங்கியது. எட்டாவது நிமிடம் 1050. பிறகு அடுப்பு தானாகவே கொஞ்ச நேரம் அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது, வேலைக்கு வந்தும் வராத ஆள்மாதிரி. முன்பக்கம் 2000 என்ற எண் மட்டும் இமைக்கவில்லை. போதாக்குறைக்குப் பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டிகள் சூடேறும்போதெல்லாம் லைனில் மின்சாரமே இளைத்தது. லிட்டர் தெர்மாமீட்டரை வைத்துக் கணக்குப் பார்த்தார். பாத்திரத்தின் உடம்பிலும் காற்றிலும் போனது போக, தண்ணீருக்குள் உண்மையில் இறங்கியது எழுநூறுக்குச் சற்று மேலே.

கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இது ஏமாத்துது.”

“எது?”

“அடுப்பு.”

“உங்க அடுப்பா?”

அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். மீட்டர் கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம் அந்தத் தட்டலில் தெரிந்தது.

அன்று சாப்பாடு வந்தது 12.52. முதலாளியம்மா பின்னறை வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம்.

“கை நல்லா இருக்கும்மா உனக்கு. நானே ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டேன். ஆனா எனக்கு மணி முக்கியம். நாளைக்குப் பன்னிரண்டரை. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் லிட்டர் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஒரு வாழ்நாள் நம்பிக்கை உடைந்த மனிதனுக்கு ஏற்படும் தெளிவு அவருக்கு ஏற்பட்டிருந்தது. எழுதியிருக்கிற எண்ணை நம்பியதுதான் தவறு, இனி கண்ணால் பார்த்த எண்ணைத்தான் நம்புவது என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவின்படி தெரு முனைக்குள் திட்டமும் தயாராகிவிட்டது. மூன்றாவதாக ஓர் அடுப்பைத் தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கி வருவது.

“லைன் தாங்குமாங்க?” என்று மனைவி கேட்டார். “ரெண்டு அடுப்புக்குத்தான் போட்டிருக்காங்கன்னு அந்தம்மா சொன்னாங்க.”

“ரெண்டு அடுப்பு, எழுதியிருக்கற கணக்குக்கு நாலாயிரம். அதுக்குத்தான் லைன். ஒரு அடுப்பு உண்மையில இழுக்கறது ஆயிரம். மூணு அடுப்பு மூவாயிரம். இன்னும் ஆயிரம் மிச்சம் இருக்கு!”

“ஆனா மேல ரெண்டாயிரம்னு போட்டிருக்கே.”

“அதெல்லாம் நம்பாதே. அது நான் போட்டது.”

வியாழக்கிழமை காலை லிட்டர் இரண்டாவது லீவையும் போட்டார். பத்தரைக்குக் கடைசித் துணி மூட்டை வெளியே போன மறு வினாடி, ஒரு நொடிகூட வீணாகக் கூடாது என்று மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் போட்டார். மூன்று முகத்திலும் 2000 எரிந்தது. லிட்டர் அந்த எண்ணைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார்.

இங்கே அடுப்புகளுக்கு நியாயம் செய்ய வேண்டியது நம் கடமை. அவற்றின் மீது ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் முதல் ஐந்து நிமிடம் அவை சொன்ன சொல் தவறுவதில்லை. மூன்று அடுப்பும் தலா இரண்டாயிரம் வாட்டை ஒரு குறையும் வைக்காமல் இழுத்தன. லிட்டர் தன் ஸ்டிக்கரை நம்பிய மூன்று நாளும் அது பொய்யாக இருந்தது. நம்பாமல் விட்ட அன்று அது சத்திய வாக்காக நின்றது. மூன்றாவது நிமிடம் சுவரிலிருந்த மெயின் பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் வாசனை வந்தது. நாற்பது மெஷினும் ஒரே மூச்சில் நின்றன.

அந்தப் பட்டறையில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. அப்புறம் காலர் தைக்கிறவள் குரல் மட்டும் கேட்டது:

“அக்கா, வெந்துடுச்சா?”

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்தபோது மணி ஒன்றரை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எந்த மேதாவிங்க மூணு அடுப்பப் போட்டது? மேல ரெண்டாயிரம்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?” என்று கேட்டார். அந்த எழுத்துக்கு உரியவர் முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றிருந்தார். நாற்பது பேரும் அன்று பிஸ்கட் சாப்பிட்டார்கள். சாயங்காலம் லாரியில் ஏற வேண்டிய சட்டைகள் ஏறவில்லை. முதலாளியம்மா பின்னறைக்கு வரவே இல்லை. வெட்டுகிறவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம், பாத்திரத்தை ஒழிந்தபோது வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை லிட்டர் வேலைக்குப் போனார். அன்றைய முதல் அடுப்பை அணைக்காமல் ஐம்பது நிமிடம் ஓடவிட்டார். பிறகு ரிஜிஸ்டரில், 2000 என்று மட்டும் எழுதவேண்டிய கட்டத்தில், கட்டத்தை விட்டு வெளியே வழிந்து மூன்று வரி எழுதினார். அரை மணியில் மேனேஜர் வந்துவிட்டார். லிட்டரைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மாதிரி, யார்மீதும் எரிந்து விழாதவர்.

“என்னண்ணே, ரிஜிஸ்டர்ல கதை எழுதியிருக்கீங்க?”

“கதையில்ல சார். முதல் அஞ்சு நிமிஷம் ரெண்டாயிரம். அப்புறம் ஆயிரத்து ஐம்பது. தண்ணிக்குள்ள போறது எழுநூறுதான்.”

“ரூல்ல எத்தன நிமிஷம் பாக்கச் சொல்லியிருக்கு?”

“மூணு.”

“மூணு நிமிஷத்துல எவ்வளவு இழுக்குது?”

“ரெண்டாயிரம்.”

“அப்போ பொய் எங்கண்ணே இருக்கு?”

லிட்டர் உண்மையாகவே தேடிப் பார்த்தார். ஸ்டிக்கர் பொய்யில்லை. ரூல் பொய்யில்லை. தன் கையெழுத்தும் பொய்யில்லை. எல்லோரும் யோக்கியமாக இருந்தும் தண்ணீர் மட்டும் கொதிக்கவில்லை.

“ஏன் சார் குறைஞ்சுடுது?”

“உள்ள இருக்கற சர்க்யூட் பலகை சூடு தாங்காதுண்ணே. எரிஞ்சுடக்கூடாதுன்னு அதுவே குறைச்சுக்கும். அது குறையில்ல, பாதுகாப்பு. கேட்டலாக்ல முதல் பக்கத்துலயே பெருசா போட்டிருக்கோம், பாக்கலையா?”

“அடுப்பு சூடு தாங்காதா?”

“எந்த அடுப்புண்ணே தாங்குது?” மேனேஜர் அவர் தோளில் கை வைத்தார். “சரி, நீங்க சொல்றத அப்படியே போடலாம்னே வெச்சுப்போம். ஸ்டிக்கர் நாலு சென்டிமீட்டர். இவ்வளவும் எழுத எங்க இடம்? அடிச்சுட்டு ரெண்டாயிரம்னு போடுங்க. அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்து. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம் சார்,” என்றார் லிட்டர். மூன்று வரியையும் ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். அன்று இருபத்தொன்பது அடுப்புதான் பார்க்க முடிந்தது. எல்லாம் பாஸ்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. பன்னிரண்டு மணிக்கு விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனார், பாத்திரம் பெரியது என்பதால். மனைவி முன்பே வந்து வாசல் ஓரமாக நின்றிருந்தார். உள்ளே போக இருவருமே அவசரப்படவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் நாற்பது பொட்டலத்தை இறக்கினார். ஊருக்கு வெளியே எங்கோ காலையில் ஏழு மணிக்குக் கட்டியது. பன்னிரண்டரைக்கு மணி அடித்தது, பொட்டலங்கள் பிரிந்தன. காலர் தைக்கிறவள் சோற்றை விரலால் உடைத்துப் பார்த்தாள். கட்டியாக வந்தது. ஜன்னல் வழியே இவர்களைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்:

“சாப்பாட்டக்கா! ஜில்லுன்னு இருக்கு!”

“பேசாம சாப்பிடு, அரை மணிதான் இருக்கு,” என்று முதலாளியம்மாவின் குரல் கேட்டது. அவரும் ஒரு பொட்டலத்தைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி மென்றார்.

வெட்டுகிறவர் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அதற்குள் யாரோ நூல்கண்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார். லிட்டர் ஒரு பிடியையும் மனைவி மறு பிடியையும் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். முதல் தெரு முடிந்தது.

“அன்னிக்கு நான் கேட்டேனே,” என்றார் அந்த அம்மாள். குரலில் சண்டை இல்லை. “தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேற யாரையாவது கேட்டிருப்பேன். கொஞ்சமா சமைக்கிற மாதிரி ஏதாவது யோசிச்சிருப்பேன். அந்தம்மாகிட்ட அரை மணி முன்னாடி ரூமைக் கேட்டிருப்பேன். முதல் நாளே கேட்டா குடுத்திருப்பாங்க.”

தெரியாது என்ற வார்த்தையை லிட்டர் தன் துறையில் இதுவரை பயன்படுத்தியதில்லை, அதை எந்த இடத்தில் வைப்பது என்றும் தெரியவில்லை.

இரண்டாவது தெருவில் பாத்திரத்தைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டார்கள். எதிரே ஒரு பள்ளிக்கூடம். மதில்மேல், சமையலுக்கு ஆள் தேவை என்று ஒரு அட்டை. மனைவி அதை நின்று படித்தார். முந்நூறு பேர், வயது நாற்பதுக்குள். படித்து முடித்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

லிட்டரும் படித்தார். அவர் உதடு அசைய ஆரம்பித்தது.

“முந்நூறு பேர்னா, ஒரு எழுபது எண்பது லிட்டர்...”

“நீங்க சும்மா தூக்கிட்டு வாங்க,” என்றார் அந்த அம்மாள்.

இருவரும் குனிந்து ஆளுக்கொரு பிடியைப் பிடித்தார்கள்.